கிரிப்டோவுக்குக் கேஒய்சி கேட்கிறார்கள்: ஒளிக்க எதுவும் இல்லாதவர் ஏன் யோசிக்க வேண்டும்?

அரவேணு பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். வீட்டில் உட்கார்ந்தபடியே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீடியோ எடிட்டிங் செய்து கொடுக்கிறார். கூலி டாலர் மதிப்போடு கட்டிய யுஎஸ்டிடி என்ற கிரிப்டோ நாணயத்தில் வருகிறது. அதை ரூபாயாக மாற்ற, கிரிப்டோவை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சில் கணக்குத் திறக்கப் போனால் பான் கார்டு, ஆதார், கேமரா முன்னால் தலையைத் திருப்பித் திருப்பி ஒரு செல்ஃபி, பணம் எங்கிருந்து வந்தது, எந்த வாலட் (கிரிப்டோ வைக்கும் பை), அந்த வாலட் யாருடையது என்று கேட்டுக்கொண்டே போகிறார்களாம். நண்பர் ஒருவரோ, "டெலிகிராம்ல ஆள் இருக்காங்க, அவங்ககிட்ட வித்துட்டு ஜிபேல வாங்கிக்கோ" என்கிறாராம். தம்பியின் கேள்விகள் மூன்று. இவ்வளவும் கேட்க இவர்களுக்கு அதிகாரம் உண்டா? கிரிப்டோவைச் சொந்த வாலட்டில் வைத்திருப்பது குற்றமா? "ஒளிக்க எதுவும் இல்லாதவன் எதுக்குப் பயப்படணும்" என்று அப்பா கேட்கிறார், அவருக்கு என்ன பதில் சொல்வது?

நான் கோத்தகிரியில் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன், அதற்கு முன் வங்கி வேலையில் இருந்தவன். வாடிக்கையாளர் யார் என்று உறுதி செய்யும் கேஒய்சி படிவத்தின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் முதல் இரண்டு கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிட்டு, அப்பாவின் கேள்விக்குத்தான் நிதானமாக வர விரும்புகிறேன்.

கேட்க அதிகாரம் உண்டு, தம்பி. 2023 மார்ச் 7 அன்று மத்திய நிதி அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. கிரிப்டோவை வாங்கி விற்பது, ஒன்றை இன்னொன்றாக மாற்றுவது, பிறருக்காகப் பத்திரமாக வைத்திருப்பது ஆகியவற்றைத் தொழிலாகச் செய்கிற எல்லோரையும் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது அது. அன்றிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கும் நம் ஊர் வங்கிக் கிளைக்கும் இந்த விஷயத்தில் கடமை ஒன்றுதான். வாடிக்கையாளர் யார் என்று உறுதி செய்ய வேண்டும். கணக்கை மூடிய பிறகும் ஐந்து ஆண்டுகள் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பியதை உங்களிடம் சொல்லவும் கூடாது. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்குப் போனால் இதிலிருந்து தப்பலாம் என்று சிலர் சொல்வார்கள். 2023 டிசம்பர் 28 அன்று பைனான்ஸ், குக்காயின், கிராக்கன் உள்ளிட்ட ஒன்பது வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அதே பிரிவு நோட்டீஸ் அனுப்பியது. 2024 ஜூனில் பைனான்ஸுக்கு 18.82 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது. அந்தக் கதவும் மூடியாகிவிட்டது.

"எந்த வாலட், யாருடையது" என்ற கேள்வி மட்டும் டெல்லியில் பிறந்ததல்ல. பாரிஸிலிருந்து இயங்கும் எஃப்ஏடிஎஃப் என்ற பன்னாட்டு அமைப்பு 2019 ஜூனில் ஒரு விதியைக் கிரிப்டோவுக்கும் நீட்டித்தது. அனுப்புகிறவர், பெறுகிறவர் இருவரின் விவரமும் பணத்தோடு கூடவே போக வேண்டும் என்பது அந்த விதி. டிராவல் ரூல் என்பார்கள். இந்தியா அந்த அமைப்பில் உறுப்பினர். வங்கிகளுக்கு இடையே இந்த வழக்கம் எப்போதோ வந்துவிட்டது, கிரிப்டோவுக்கு இப்போது வந்திருக்கிறது.

சொந்த வாலட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. 2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கைகூட கிரிப்டோவைத் தடை செய்யவில்லை. வங்கிகள் கிரிப்டோ தொழிலுக்குச் சேவை தரக்கூடாது என்றுதான் சொன்னது. அதையும் 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மூன்று நீதிபதிகள் அமர்வு அது, தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். வங்கிகளுக்கு உண்மையில் என்ன கேடு நேர்ந்தது என்று ரிசர்வ் வங்கியால் காட்ட முடியவில்லை, கேடு இல்லாத இடத்தில் இவ்வளவு கடுமையான நடவடிக்கை அளவுக்கு மீறியது என்பது அதன் சாரம். இந்தத் தீர்ப்பைக் கொண்டாடுகிறவர்கள் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அது நின்றது தொழில் செய்யும் உரிமையின் மேல். கிரிப்டோ வைத்திருக்கிற ஒரு சாதாரண மனிதருக்கு அந்தரங்கம் உண்டா என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் விடை தேடாதீர்கள்.

இனி அப்பாவின் கேள்வி. அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வங்கிக்கு ஆதார் கொடுத்தோம், கேஸ் இணைப்புக்குக் கொடுத்தோம், சிம் கார்டுக்குக் கொடுத்தோம், இதற்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்பது அவர் எண்ணம். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு காரியம் செய்து காட்டுங்கள்.

உங்கள் யுஎஸ்டிடி டிரான் என்ற கிரிப்டோ நெட்வொர்க்கில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாலட் முகவரி 'T' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி 34 எழுத்து நீளம் இருக்கும். அதை நகலெடுத்து, அந்த நெட்வொர்க்கின் பரிவர்த்தனைகளைக் காட்டும் டிரான்ஸ்கேன் தளத்தின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். பாஸ்வேர்டு கேட்காது, ஓடிபி கேட்காது. இப்போது கையில் எவ்வளவு இருக்கிறது, எந்தெந்தத் தேதியில் எந்த நிமிடம் எவ்வளவு வந்தது, அதே நாளில் எங்கே போனது என்று வரிசையாக விரியும். அனுப்பியவரின் முகவரியைத் தொட்டால் உங்கள் வாடிக்கையாளர் இன்னும் யார் யாருக்கெல்லாம் பணம் கொடுக்கிறார் என்பதும் தெரியும். உங்களுக்கு 500 தருகிறவர் அதே வேலைக்கு இன்னொருவருக்கு 900 தருகிறாரா என்றுகூடப் பார்த்துவிடலாம். ஜப்பானில் இருக்கிறவரும் பார்க்கலாம், கட்டபெட்டில் இருக்கிறவரும் பார்க்கலாம். பத்து வருடம் கழித்தும் பார்க்கலாம், ஏனென்றால் அதை அழிக்க யாராலும் முடியாது.

திரையில் ஒன்று மட்டும் இருக்காது: உங்கள் பெயர். கிரிப்டோவில் இருக்கிற அந்தரங்கம் அவ்வளவுதான். பிட்காயின் 2009 ஜனவரியில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அதன் கணக்குப் புத்தகம் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. இது ஒளிந்துகொள்ளும் பணம் என்று செய்தித்தாளில் படித்துப் படித்து நாம் நம்பிவிட்டோம்.

வங்கிக் கணக்கு அப்படியில்லை. அங்கே உங்கள் பெயர் எல்லோருக்கும் தெரிந்தாலும் பாஸ்புக்கில் இருப்பது உங்களுக்கும் வங்கிக்கும் மட்டும்தான் தெரியும். வங்கியிடம் கேஒய்சி கொடுக்கும்போது அந்த வங்கியில் நடக்கிற பரிவர்த்தனைகளுக்கு மட்டும் பெயர் ஒட்டுகிறது. எக்ஸ்சேஞ்சிடம் கொடுத்து, சொந்த வாலட்டின் முகவரியையும் "இது என்னுடையது" என்று அறிவிக்கும்போது, அந்த எக்ஸ்சேஞ்சுக்குச் சம்பந்தமே இல்லாத உங்கள் பழைய பரிவர்த்தனை, இனி வரப்போகிற பரிவர்த்தனை எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பெயர் ஒட்டிவிடுகிறது. கேட்கப்படும் ஆவணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், பறிபோவது ஒன்றல்ல. சட்டம் எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்த்ததாகவே தெரியவில்லை. எனக்கு ஆற்றாமை அதில்தான்.

அந்தப் பெயர் ஒட்டிய பட்டியல் வெளியே போனால்? போயிருக்கிறது. வாலட் கருவி செய்யும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் 2020-ல் கசிந்தது. இரண்டு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் இணையத்தில் கொட்டப்பட்டது. 2025 மே மாதம் அமெரிக்காவின் காயின்பேஸ் நிறுவனம் ஒன்றை ஒப்புக்கொண்டது. வெளிநாட்டில் இருந்த வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள் சிலருக்கு லஞ்சம் கொடுத்து, 69,461 பேரின் விவரத்தை வாங்கிவிட்டார்கள். வீட்டு முகவரி, அடையாள அட்டையின் படம், கணக்கில் இருக்கும் தொகை எல்லாம் அதில் அடக்கம். திருடர்கள் கேட்ட பணயம் 2 கோடி டாலர். பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம், முகத்தையும் வீட்டையும் எப்படி மாற்றுவது? தேயிலைத் தோட்டத்து நடுவே தனி வீட்டில் இருக்கிற குடும்பத்துக்கு இதைவிட விளக்கமாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் கேஒய்சியே கூடாதா என்றால், நான் அப்படிச் சொல்லவில்லை. டிஜிட்டல் கைது என்று மிரட்டி ஓய்வூதியக்காரர்களின் சேமிப்பைப் பறிக்கிறவர்கள், பகுதிநேர வேலை என்று சொல்லி ஏமாற்றுகிறவர்கள், அந்தப் பணத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகப் பயன்படுத்துகிற வழிகளில் யுஎஸ்டிடியும் ஒன்று. அந்தப் பாதையில் எங்காவது ஒரு வாசலில் ஆள் நின்று பெயர் கேட்பது அவசியம். வரி கட்டுவதும் அவசியம், அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. நான் கேட்பது இதன் மறுபாதியை. பெயரை வாங்குகிறவருக்குக் கடமை என்ன? எவ்வளவு வாங்கலாம், யாருக்குக் காட்டலாம், எப்போது அழிக்க வேண்டும், தவறவிட்டால் எனக்கு என்ன தர வேண்டும்?

நீலகிரிக்காரர்களுக்கு இ-பாஸைச் சொன்னால் புரியும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு உதகையிலும் கொடைக்கானலிலும் இ-பாஸ் வந்தது. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று கணக்கெடுப்பது அதன் நோக்கம். வண்டி எண், தொலைபேசி எண், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டார்கள். நோக்கம் நல்லது, கேட்டதும் குறைவு. அப்படியிருந்தும் அந்த விவரம் எத்தனை நாள் வைக்கப்படும் என்று சுற்றுலா வருகிறவர் ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். வண்டி எண்ணுக்கே அப்படி என்றால், ஒரு மனிதரின் மொத்த வரவு செலவுக்கும் சாவியாக இருக்கிற விவரத்துக்கு எத்தனை மடங்கு கேட்க வேண்டும்!

சட்டம் என்ன பதில் வைத்திருக்கிறது என்று பார்ப்போம். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அரசு அதில் கைவைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் போகக்கூடாது. இதைப் பலரும் அறிவார்கள். பலர் அறியாத இன்னொரு தீர்ப்பு எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. 2004-ல் வந்த கனரா வங்கி வழக்கு. முத்திரைத்தாள் சட்டத்தின்கீழ் ஆந்திர அரசு கொண்டுவந்த ஒரு பிரிவு, வங்கிக்குள் நுழைந்து வாடிக்கையாளர் ஆவணங்களைப் பார்வையிட, கைப்பற்ற, யாரை வேண்டுமானாலும் அனுப்ப வழிசெய்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஓர் ஆவணத்தை நம்பிக்கையின் பேரில் வங்கியிடம் கொடுத்துவிட்டதாலேயே அதன் மீதான அந்தரங்கம் போய்விடுவதில்லை, உரிமை மனிதரைச் சார்ந்தது, ஆவணம் இருக்கும் இடத்தைச் சார்ந்ததல்ல என்றது.

அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர். 1976-ல் வந்த மில்லர் தீர்ப்பின்படி, வங்கியிடம் நீங்களாகக் கொடுத்த விவரத்தில் உங்களுக்கு அந்தரங்கம் கிடையாது. 2020-ல் அங்குள்ள ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கிராட்கவ்ஸ்கி வழக்கில் அதையே கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுக்கும் நீட்டித்தது. பிளாக்செயின் என்ற திறந்த கணக்குப் புத்தகத்தில் இருப்பதும், எக்ஸ்சேஞ்சிடம் இருப்பதும் இரண்டுமே பாதுகாப்பு இல்லாதவை என்றது. நம் கனரா வங்கித் தீர்ப்பு மில்லரை எடுத்துப் படித்துவிட்டு, இந்த வழி நமக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய தீர்ப்பு. ஆகவே எக்ஸ்சேஞ்சிடம் நீங்கள் கொடுக்கும் கோப்பு இந்திய அரசமைப்பின்படி இன்னமும் உங்களுடையதுதான் என்று வாதாட நல்ல அடித்தளம் இருக்கிறது. இதைப் பயன்படுத்தி யாராவது வாதாட வேண்டும்.

ஆனால் கட்டிடம் அந்த அடித்தளத்தின்மேல் எழவில்லை. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டது. எக்ஸ்சேஞ்சுகளும் பிறர் பணத்தை வைத்திருக்கும் வாலட் நிறுவனங்களும் கேஒய்சியையும் பரிவர்த்தனை விவரங்களையும் ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும், இணையத்தில் நம் தடத்தை மறைக்க உதவும் விபிஎன் நிறுவனங்களும் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி எண்ணை அதே ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. நார்டுவிபிஎன், எக்ஸ்பிரஸ்விபிஎன் போன்றவை இந்தியாவிலிருந்த சர்வர்களையே எடுத்துவிட்டுப் போயின. புதிய வருமான வரிச் சட்டம் 2025, தேவைப்பட்டால் கடவுச்சொல்லை உடைத்து 'மெய்நிகர் டிஜிட்டல் வெளி'க்குள் நுழையச் சோதனை அதிகாரிக்கு வெளிப்படையாகவே அதிகாரம் தருகிறது. மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்கு, முதலீட்டுக் கணக்கு, கிளவுட் சேமிப்பு எல்லாம் அந்த வெளிக்குள் அடக்கம். முன்கூட்டி நீதிபதியின் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒரு மனிதரின் கடிதமும் கணக்கும் நட்பும் ஒரே போனில் இருக்கிற காலத்தில், வரிச் சோதனைக்கு இவ்வளவு அகலமான கதவு தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

நம்மைக் காக்க வந்த சட்டம் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். பாதுகாப்பில் கோட்டை விட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று தலைப்புச் செய்தி வந்தது. அந்த அபராதம் எங்கே போகிறது? இந்தியத் தொகுப்பு நிதிக்கு. ஆதாரும் முகமும் வீட்டு முகவரியும் பறிபோனவருக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. கவனக்குறைவுக்கு இழப்பீடு கேட்க வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டமே நீக்குகிறது. அரசு விரும்பிய தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளவும் 17-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. ஆக, கொடுக்கும் கடமை குடிமகனுக்கு 2023 மார்ச்சிலேயே வந்துவிட்டது. காக்கும் கடமை நிறுவனத்துக்கு 2027-ல் வரும், அதுவும் பாதியாக.

கேஒய்சியின் இன்னொரு பக்கம், நுழையவே முடியாமல் நிற்கிறவர்கள். நம் ஊரில் பெயருக்கு முன்னால் இனிஷியல் போடுகிற வழக்கம் இருக்கிறதே, அது இந்த இயந்திரங்களுக்குப் பிடிபடுவதில்லை. பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து, பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக, ஆதாரில் இனிஷியல் பின்னால், வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லை. நான்கும் ஒரே ஆள்தான் என்று வங்கியில் மேனேஜர் முகத்தைப் பார்த்து ஒப்புக்கொள்வார். எக்ஸ்சேஞ்சின் மென்பொருள் 'பெயர் பொருந்தவில்லை' என்று நிராகரிக்கும், மேல்முறையீடு செய்ய மனிதர் கிடைக்கமாட்டார். கூடலூர், பந்தலூர் பக்கம், ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 'பிரிவு 17'-இல் வரும் நிலத்தில் தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டாவோ மின் இணைப்போ இல்லாதவர்கள் இருக்கிறார்கள். முகவரிக்கு மின்கட்டண ரசீது கொடு என்றால் எங்கே போவார்கள்? இப்படி வெளியே நிறுத்தப்படுகிறவர்தான் டெலிகிராம் பக்கம் திரும்புகிறார் என்பதை ஒழுங்குமுறை வகுக்கிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டில் இந்தச் சர்ச்சை எங்கே போய் நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கணக்குப் புத்தகம் திறந்தே கிடப்பதால், பரிவர்த்தனைகளைக் கலந்து தடத்தை மறைக்க டொர்னாடோ கேஷ் என்ற மென்பொருள் வந்தது. வட கொரியாவின் லசாரஸ் என்ற ஹேக்கர் குழு உட்படப் பலர் அதில் திருட்டுப் பணத்தைக் கலந்தார்கள், அது உண்மை. உக்ரைனுக்கு நன்கொடை அனுப்பத் தானும் அதைப் பயன்படுத்தியதாக எதீரியம் என்ற கிரிப்டோ தளத்தை உருவாக்கிய விட்டாலிக் புடரின் சொன்னார், அதுவும் உண்மை. 2022 ஆகஸ்ட் 8 அன்று அமெரிக்கக் கருவூலத் துறை அந்த மென்பொருளையே தடைப் பட்டியலில் சேர்த்தது. சில நாளில் அதை எழுதியவர்களில் ஒருவரான அலெக்சி பெர்ட்செவ் நெதர்லாந்தில் கைதானார். 2024 மே மாதம் அவருக்கு 64 மாதச் சிறை. 2024 நவம்பரில் அமெரிக்காவின் அதே ஐந்தாவது வட்ட நீதிமன்றம், யாராலும் மாற்ற முடியாதபடி இயங்கும் நிரல் யாருடைய சொத்தும் அல்ல, அதைத் தடைப் பட்டியலில் சேர்க்கச் சட்டம் இடம் தரவில்லை என்றது. 2025 மார்ச்சில் தடை நீங்கியது. 2025 ஆகஸ்டில் இன்னொரு படைப்பாளியான ரோமன் ஸ்டார்ம், உரிமம் இல்லாமல் பணம் அனுப்பும் தொழில் நடத்தச் சதி செய்தார் என்ற ஒரு குற்றச்சாட்டில் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. மற்ற இரண்டில் ஜூரியால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை.

நிரல் எழுதுவது பேச்சுரிமையா, இல்லை கள்ளப் பணத்துக்குக் கதவு திறப்பதா என்று நீதிமன்றங்களே இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் காத்திருக்கவில்லை. 2027 ஜூலை 10 முதல் அங்குள்ள கிரிப்டோ நிறுவனங்கள் பெயரற்ற கணக்குகளையும், தடத்தை மறைக்கும் நாணயங்களையும் கையாளக்கூடாது. கோவையிலும் பெங்களூரிலும் இந்தத் துறையில் நிரல் எழுதுகிற நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். எழுதியவரைப் பிடிப்பதா, குற்றத்துக்குப் பயன்படுத்தியவரைப் பிடிப்பதா என்ற கோட்டை இந்தியா இன்னும் வரையவில்லை. வரையும்போது பயன்படுத்தியவர் பக்கம் வரைய வேண்டும்.

இப்போது டெலிகிராம். நண்பரின் யோசனையைக் கேட்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் வந்த ஒரு பையனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். விற்றார், சொன்ன ரூபாய் உடனே வந்தது. அனுப்பியவர் பெயர் மட்டும் பேசியவரின் பெயராக இல்லை. கவனித்தும் விட்டுவிட்டார். சில வாரம் கழித்து ஏடிஎம்மில் பணம் வரவில்லை. கிளையில் போய்க் கேட்டால், வேறு மாநிலத்து சைபர் கிரைம் போலீஸ் கணக்கை முடக்கச் சொல்லியிருக்கிறது என்றார்கள். யாரோ ஏமாந்தவரின் பணம் மூன்று கைமாறி இவர் கணக்குக்கு வந்திருக்கிறது. அதே கணக்கில்தான் வீட்டின் பச்சைத் தேயிலைப் பணமும் வந்துகொண்டிருந்தது, அதுவும் சேர்ந்து நின்றுபோனது. மொழி தெரியாத ஊரின் காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டு அந்தக் குடும்பம் பட்ட பாடு கொஞ்சமல்ல. கேஒய்சி இல்லாத இடத்தில் உங்கள் அந்தரங்கம் பிழைப்பதாக நினைக்கிறீர்கள், ஆனால் எதிரில் நிற்கிறவரைப் பற்றி எதுவும் தெரியாமல் உங்கள் வங்கிக் கணக்கை அவரிடம் நீட்டுகிறீர்கள். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், சந்தேகத்துக்குரிய தொகை எவ்வளவு என்று சொல்லாமல் முழுக் கணக்கையும் முடக்குவதை ஏற்கவில்லை. அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டுக் கணக்கை இயக்க அனுமதித்தது. வக்கீலிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

எக்ஸ்சேஞ்சிலும் எல்லாம் பத்திரம் என்று அர்த்தமில்லை. 2024 ஜூலை 18 அன்று இந்திய எக்ஸ்சேஞ்சான வாசிர்எக்ஸில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடுபோனது, வாடிக்கையாளர்கள் பல மாதம் பணம் எடுக்க முடியாமல் நின்றார்கள். அவர்களில் சென்னையைச் சேர்ந்த ஒருவர் தொடுத்த வழக்கில் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ கையால் தொடக்கூடிய பொருளோ நாணயமோ இல்லாவிட்டாலும் அது ஒரு சொத்து, ஒருவருக்காக மற்றொருவர் நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கக்கூடிய சொத்து என்று தீர்ப்பளித்தார். வரவேற்க வேண்டிய தீர்ப்பு. கிரிப்டோ என் சொத்து என்றால், அதைப் பற்றிய கோப்பும் என் சார்பில் நம்பிக்கையோடு வைக்கப்பட்டது என்று வாதிட அதில் இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உங்கள் காரியத்துக்கு வருகிறேன். முடிந்தால் வாடிக்கையாளரிடம் வங்கி வழியாகவே அனுப்பச் சொல்லுங்கள். வெளிநாட்டுக்குச் செய்யும் வேலைக்கான பணம் வங்கி வழியாக வர வேண்டும் என்பதுதான் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் போக்கு, ஜிஎஸ்டியில் ஏற்றுமதிச் சலுகை கேட்பதற்கும் அது வேண்டும். முடியாவிட்டால், யுஎஸ்டிடி வந்த அன்று அதன் ரூபாய் மதிப்பைக் குறித்து வையுங்கள், அது உங்கள் தொழில் வருமானம். உதாரணத்துக்கு 500 யுஎஸ்டிடி வந்த நாளில் மதிப்பு 42,500 ரூபாய், பிறகு 44,000-க்கு விற்றீர்கள் என்றால், 42,500 வழக்கமான வருமானத்தில் சேரும். மேலே கிடைத்த 1,500-க்கு 30 சதவீதம் வரி, அதன் மேல் 4 சதவீதம் செஸ், ஆக 468 ரூபாய். விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது 440 ரூபாய் பிடிப்பார்கள், அதை வரியில் கழித்துக்கொள்ளலாம். இன்னொரு விற்பனையில் 1,500 நஷ்டமானால் அதை இந்த லாபத்தில் கழிக்க முடியாது, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அந்தரங்கத்துக்குச் சட்டத்துக்கு உட்பட்டு உங்களால் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. சம்பளம் வாங்க ஒரு வாலட், சேமிக்க வேறொரு வாலட் வையுங்கள். சம்பள வாலட்டிலிருந்து மட்டும் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்புங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேராக அனுப்பினால் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒருவருடையது என்று தெரிந்துவிடும், அதனால் சேமிப்புக்குப் போவது எக்ஸ்சேஞ்ச் வழியாகப் போகட்டும். எக்ஸ்சேஞ்சும் வரித்துறையும் கேட்டால் இரண்டையும் காட்டுங்கள், ஊரார் பார்க்கத் தேவையில்லை. வாலட் முகவரியை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஆதாருக்குப் பதில் வேறு ஆவணம் ஏற்கிறார்களா என்று பாருங்கள், ஆதார்தான் என்றால் முதல் எட்டு எண்ணை மறைத்த ஆதாரை ஏற்பார்களா என்று கேளுங்கள். ஒரு எக்ஸ்சேஞ்ச் போதும், ஐந்து இடத்தில் முகத்தைக் கொடுக்காதீர்கள். நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு பெற்ற நிறுவனமா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். என்ன விவரம் எடுத்தீர்கள், யாருக்குப் பகிர்ந்தீர்கள் என்று அதன் குறைதீர் அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, பதிலைச் சேமித்து வையுங்கள். நாளை சட்டம் முழுதாக வரும்போது அது உதவும். இன்னொன்று, யுஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனத்தால் எந்த முகவரியையும் முடக்க முடியும். சொந்த வாலட்டில் இருந்தாலும் அது உங்கள் கையில் இருக்கிற ரொக்கம் ஆகிவிடாது, பெரிய தொகையை அதில் தேக்காதீர்கள்.

வருமான வரிக் கணக்குக்கு வரும்போது ஐடிஆர்-4 படிவம் எளிதாக இருக்கிறது என்று அதை எடுத்துவிடாதீர்கள், அதில் கிரிப்டோவைக் காட்டும் அட்டவணையே கிடையாது. உங்களுக்கு ஐடிஆர்-3. ஆண்டுத் தகவல் அறிக்கையை முதலில் இறக்கிப் பாருங்கள், எக்ஸ்சேஞ்ச் பிடித்த டிடிஎஸ் அதில் இருக்கும். அப்பாவுக்கும் அதைக் காட்டுங்கள். அரசுக்குத் தேவையான தகவல் ஏற்கெனவே அங்கே இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் கேட்கும்போது ஏன் என்று கேட்க அவரும் ஒப்புக்கொள்வார்.